இரண்டு முறை வடித்த தண்ணீர்

தொண்ணூற்றேழாம் வருஷத்துச் சித்திரையில், சதுரங்கப்பட்டினத்தை ஒட்டிய அணுமின் நிலைய ஊழியர் குடியிருப்பில், வரதன் வீட்டில் சாராயம் காய்ச்சுகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. காய்ச்சுவது வரதன், பாட்டிலில் பிடித்து வைப்பது அவன் பெண்டாட்டி செங்கம்மாள் என்று அவரவர் பங்குக்குக் கண் காது மூக்கு வைத்தார்கள். வரதனோ பீடி கூடப் பிடிக்காதவன். இப்போது கேளம்பாக்கத்தில் மகன் ஹேமந்தின் நான்காவது மாடி வீட்டில் உட்கார்ந்து அதை நினைத்தாலும் செங்கம்மாளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வருகிறது. சிரித்து ஓய்ந்த பிறகு ஜன்னலோரம் போய் நின்றுகொள்வாள். அந்த இரண்டு அறை வீடும், மூன்று மாதத்தில் துருப்பிடிக்கும் ஜன்னல் கம்பியும், ஷிப்ட் பஸ்ஸின் ஆரன் சத்தமும் அவளுக்கு அவ்வளவு வேண்டியிருக்கின்றன.

விஷயம் வேறொன்றுமில்லை. செங்கம்மாளுக்கு ஒரு ரோஜாச் செடி வேண்டியிருந்தது.

திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்துக் கிராமம் அவளுடையது. பிறத்தியார் வயலில் நாற்று நட்டு, பிறத்தியார் வயலில் களை பறித்து வளர்ந்த குடும்பம். பன்னிரண்டு வயதில் ஒரு பெரிய வீட்டுக்கு வாசல் பெருக்கப் போனாள். அந்த வீட்டு முற்றத்தில் பன்னீர் ரோஜா புதராக மண்டிக் கிடக்கும். ஒரு நாள் உதிர்ந்து கிடந்த பூ ஒன்றை எடுத்துத் தலையில் செருகிக்கொண்டாள். வீட்டம்மா பார்த்துவிட்டாள். அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "கீழே விழுந்தாலும் அது செடிக்கு உரம்டி, போட்டுடு" என்றாள். செங்கம்மாள் எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டு வந்தாள்.

இதைச் சொல்லும்போதெல்லாம் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் ஒரு பூவை ஒருத்தி இருபத்தைந்து வருஷமாக மறக்காமல் வைத்திருக்கிறாள் என்றால் அது சிரிப்புச் சமாசாரம் இல்லை. வரதனுக்கும் அது தெரியும்.

"நம்ம வூட்டுச் செடில பூத்த ரோசாவ ஒரு நாளாவது தலையில வெச்சிகினு தெருவுல நடக்கணும்யா. வேற இன்னா கேட்டேன் உன்னாண்ட?" என்பாள்.

கேட்கவில்லைதான். கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

அந்தத் தை மாதம் பொங்கல் கழிந்து, மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் செடி விற்றுக்கொண்டு வந்தவனிடம் வரதன் ஒரு பன்னீர் ரோஜாவை வாங்கினான். கறுப்புக் கவரில் செம்மண் உருண்டையோடு நின்ற அரை முழக் குச்சி. "ரெண்டு மாசத்துல பூக்கலன்னா எம் பேர மாத்திக்கிறேன் நைனா" என்று சொல்லிவிட்டுப் போன அந்த ஆளை அதற்குப் பிறகு அந்தப் பக்கமே காணோம். இருபது லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்றின் அடியில் ஸ்க்ரூடிரைவரைக் காய்ச்சி ஆறு ஓட்டை போட்டான் வரதன். ஆற்று மணலை வாங்கிவந்து சலித்தான். சலித்ததோடு விட்டானா? அரிசி களைகிற மாதிரி ஏழு தண்ணீர் விட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, அதற்குப் பிறகுதான் வாளியில் போட்டான். தூசு தும்பு இருக்கக் கூடாதாம்.

அவன் அப்படித்தான். வேலையே தண்ணீரைச் சுத்தப்படுத்துகிற பிரிவில். கிணறு நிறையத் தண்ணீர் இருந்து அதில் ஒரு சிட்டிகை உப்பு விழுந்தாலும் மீட்டர் காட்டிக் கொடுத்துவிடும் என்று சொல்லிச் சொல்லிப் பூரிப்பான். வீட்டிலும் அதே கண்டிப்பு. எல்லாவற்றையும் விடப் பெரிய கண்டிப்பு ஒன்று இருந்தது: அந்த வீட்டு வாசற்படிக்குள் சாணி வரக் கூடாது.

காரணம் அவன் அப்பா சுப்பிரமணி. பண்ணையாரின் எருக்குழியிலிருந்து வயலுக்கு எருக்கூடை சுமப்பதே அவருக்குப் பாதி ஆயுள். ஒரு முறை மழையில் கூடை நனைந்து, கரைந்த எரு அவர் நெற்றியில் வழிந்து வாயோரமாக இறங்கியதை வரதன் பார்த்திருக்கிறான். துடைக்க முடியாது, இரண்டு கையும் கூடையில். பள்ளிக்கூடத்தில் வரதனுக்குப் பெயரே 'எருக்கூடை'. பெஞ்சில் ஒரு முழம் தள்ளித்தான் மற்றவர்கள் உட்காருவார்கள். வேலைக்கு உத்தரவு வந்த அன்றைக்கு, இனி என் வீட்டில் இந்த நாற்றம் கிடையாது என்று அப்பா முன்னாலேயே சொல்லிவிட்டான். அவர் அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அதனால் செங்கம்மாள் வாசலுக்கு வெறும் தண்ணீர்தான் தெளிப்பாள். மார்கழிக் கோலத்தில் எல்லார் வீட்டிலும் சாணி உருண்டையில் பூசணிப்பூ நிற்கும். அவள் வீட்டில் பூ தரையில் சாய்ந்து கிடக்கும். பொங்கலுக்கு மஞ்சள் பிள்ளையார். மாடி வீட்டு ஞானம்பாள், கும்பகோணத்துப் பக்கத்து மனுஷி, "உங்க வீட்டுப் பிள்ளையார் ரொம்ப ஆச்சாரமா இருக்காரே செங்கம்மா" என்று வருஷம் தவறாமல் கேலி செய்வாள். செங்கம்மாளும் சேர்ந்து சிரிப்பாள். காரணத்தைச் சொல்ல மாட்டாள். புருஷன் வயிற்றுக்குள் இருக்கிற புண்ணை ஊருக்குக் காட்டுவானேன்?

பங்குனியில் ரோஜாவின் இலைகள் ஓரமெல்லாம் கருகத் தொடங்கின. தீயில் வாட்டின மாதிரி இருந்தது. வரதன் போர் தண்ணீரை நாக்கில் விட்டுப் பார்த்தான்.

"உப்பு. செடிக்கு உப்புத் தண்ணிய ஊத்திகினு கீறோம். எங்கிட்ட உடு. தண்ணிய நான் பாத்துக்கறேன்" என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரஷர் குக்கரில் தண்ணீரை ஏற்றி, வெயிட் போடுகிற மூக்கில் ஒரு ரப்பர் குழாயை மாட்டினான். அதோடு ஒரு செம்புக் குழாயைச் சேர்த்து, சுருள் சுருளாக வளைத்து, பச்சைத் தண்ணீர் நிரம்பிய பக்கெட்டுக்குள் இறக்கினான். மறுமுனையில் ஒரு ஸ்குவாஷ் பாட்டில். குக்கர் கொதிக்க, ஆவி குழாயில் ஓடி, குளிர்ந்து, பாட்டிலில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர்களுக்கு வேறென்ன தோன்றும்? ஒரே வாரத்தில் பேச்சு ஷிப்ட் பஸ் வரைக்கும் போய்விட்டது.

கடைசியில் மாடி வீட்டு லட்சுமணன், ஞானம்பாளின் புருஷன், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். வரைபடப் பிரிவில் வேலை. கோடு கோணாமல் பேசுகிறவர்.

"வரதன், தப்பா எடுத்துக்காதீங்க. நாலு குடும்பம் இருக்கிற இடம். இதெல்லாம்..." என்று இழுத்தார்.

வரதன் பாட்டிலிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றி நீட்டினான். "குடிச்சிப் பாரு சார்."

லட்சுமணன் மாடிப்படிப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு உதட்டை நனைத்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"என்னய்யா, ஒண்ணுமே இல்லையே!" என்றார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது என்று செங்கம்மாள் இன்றைக்கும் சத்தியம் பண்ணுவாள்.

வடித்த தண்ணீர் வேலை செய்யத்தான் செய்தது. கருகல் நின்றது. வைகாசியில் செக்கச்செவேல் என்று இரண்டு துளிர் விட்டது. வரதன் ஒரு நோட்டுப் போட்டுத் தேதி, எத்தனை டம்ளர், எத்தனை இலை என்று எழுதத் தொடங்கினான். சமையல் காஸ் சீக்கிரம் சீக்கிரமாகத் தீர்ந்தது. செங்கம்மாள் முணுமுணுக்கவில்லை. தனக்காக ஒருத்தன் இப்படி மெனக்கெடுவதைப் பார்க்க அவளுக்கு உள்ளுக்குள் வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

ஆடி வந்ததும் செடி வெளுத்தது. நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள். துளிர்கள் நூலாக இளைத்தன. மிளகளவு மொட்டு ஒன்று வந்து, அப்படியே வாடிப் போயிற்று. வரதன் நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தான்: தண்ணீரில் இன்னும் ஏதோ கசடு இருக்கிறது. அன்று முதல் வடித்த தண்ணீரை மறுபடி குக்கரில் ஊற்றி இரண்டாம் முறை வடித்தான்.

களை பறித்து வளர்ந்தவளுக்கு ஒரு செடியின் முகத்தைப் பார்த்தால் தெரியாதா? இது பசி. கழுவின மணலிலும் வடித்த தண்ணீரிலும் எந்தச் செடி பிழைக்கும்? ஒரு நாள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"யோவ், கொஞ்சம் எரு போட்டா..."

"அந்தப் பேச்சே வாணாம் செங்கா" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரி சொன்னான். அதற்கு மேல் அவள் என்ன பேசுவாள்?

பேசவில்லை. செய்தாள். சதுரங்கப்பட்டினத்தில் வரலட்சுமி என்று ஒருத்தி மாடு வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். மீன் வாங்கப் போகிற சாக்கில் அவளிடமிருந்து நன்றாக மக்கின எருவைப் பொட்டலம் கட்டி வாங்கி வந்தாள் செங்கம்மாள். காப்பித்தூள் மாதிரி கருகருவென்று உதிர்ந்தது, நாற்றமே இல்லை. பழைய பிஸ்கட் டின்னில் போட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்தாள். வரதன் காலை ஷிப்டுக்குப் போனதும் மணலைக் கரண்டியால் கீறி, ஒரு பிடி தூவி, மேலே மணலை மூடிவிடுவாள். பத்து நாளைக்கு ஒரு முறை. கள்ளக் காதலுக்குக்கூட இவ்வளவு முன்னேற்பாடு வேண்டாம்.

புரட்டாசியில் செடி பச்சை பிடித்தது. எண்ணெய் தடவின மாதிரி இலை மினுங்கியது. வரதனைக் கையில் பிடிக்க முடியவில்லை. 'இரண்டு முறை வடித்த தண்ணீர், நல்ல பலன்' என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டான். ஷிப்ட் பஸ்ஸில் பிரசங்கம் செய்தான். லட்சுமணனே வந்து, எனக்கும் ஒரு குழாய் வளைத்துக் கொடுங்கள் என்று கேட்டார். செங்கம்மாள் அடுப்படிக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். ராத்திரி படுக்கும்போது மட்டும், சிரிக்கிறோமே, இது துரோகமில்லையா என்று ஒரு நினைப்பு நெஞ்சில் முள்ளாக உறுத்தும். பூ பூக்கட்டும், அதற்கப்புறம் சொல்லிவிடலாம் என்று புரண்டு படுப்பாள்.

ஐப்பசியில் மூன்று மொட்டு வந்தது. ஒன்றில் ரோஜா நிறம்கூட எட்டிப் பார்த்தது. தீபாவளிக்கு நாலு நாள் இருந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் பிடித்த மழை பால்கனிக்குள் சாரலாக அடித்து வாளியை நனைத்துவிட்டது. வரதன் டீ டம்ளரோடு மொட்டைப் பார்க்கப் போனான். போனவன் நின்றான். மூக்கு விடைத்தது. செங்கம்மாள் அடுப்படியிலிருந்து பார்த்தாள். பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஊரில் யாருக்கும் தெரியாத அந்த மெல்லிய வாசனை அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? அவன் விரலை மணலுக்குள் விட்டான். கறுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது.

"இன்னா இது?"

"எரு" என்றாள். அவன் முகத்தைப் பார்த்தபடி பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"எத்தினி நாளா?"

"ஆவணிலேருந்து."

அவன் கத்தியிருந்தால் பரவாயில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போனான். கவிழ்த்தான். செடியைக் குழாய்க்கு அடியில் பிடித்து, கடைசித் துணுக்கு எரு போகும்வரை வேரைக் கழுவினான். வேர் அறுந்து அறுந்து சாக்கடையில் ஓடியது. கழுவி முடித்து, புது மணலில் நட்டு, பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தான். செங்கம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தடுக்கவில்லை. அவன் கழுவியது வேரை மட்டும் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. அதுதான் அவளைக் கட்டிப்போட்டது.

தீபாவளிக்குள் மூன்று மொட்டும் தலைகவிழ்ந்து விழுந்தன. இலைகள் ஒவ்வொன்றாகக் கொட்டின. ஹேமந்த் மட்டும் வெளியே போய் இரண்டு சரம் வெடித்துவிட்டு வந்தான்.

தீபாவளி கழிந்து ஐந்தாம் நாள் வரதன் குக்கரை அடுப்பில் ஏற்றினான். செங்கம்மாள் வந்து அடுப்பை அணைத்தாள்.

"ஊத்தாத. போதும்."

"தண்ணி இல்லன்னா செத்துப்பூடும்."

"ஏற்கனவே சாவுது. பட்டினியில சாவுது." அவள் குரல் உயரவில்லை. "நான் உன்னாண்ட திருட்டுத்தனம் பண்ணேன். தப்புதான். கால்ல உய்ந்து கேக்கச் சொன்னாலும் கேக்கறேன். ஆனா ஒண்ணு. உங்கப்பன் சாவுற வரிக்கும் எரு சொமந்தாரு. அம்புட்டும் ஊரான் வயலுக்குப் போச்சி. அதுல ஒரு கைப்பிடியாவது நம்மளுதுன்னு ஒரு செடிக்கு உய்ந்துச்சா? இது நம்ம வாளிய்யா. நம்ம செடிய்யா."

வரதன் குக்கரை எடுத்து அதனிடத்தில் வைத்தான். சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான்.

அடுத்த மூன்று நாளும் சோறு போட்டால் சாப்பிட்டான், கேட்டால் தலையசைத்தான். நாலாம் நாள், சனிக்கிழமை, காலை ஷிப்ட் முடிந்து பஸ் வந்து போயிற்று. அவன் வரவில்லை. செங்கம்மாள் இரண்டு முறை தெருமுனைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஒன்றரை மணி நேரம் கழித்துச் சதுரங்கப்பட்டினத்துப் பக்கமிருந்து நடந்து வந்தான். யூனிபாரம் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கையில் சாப்பாட்டுக் கேரியர்.

கேரியரைப் பால்கனியில் வைத்துத் திறந்தான். மூன்று அடுக்கிலும் எரு.

"ஐயோ, சோறு துன்ற கேரியர்லயாயா!" என்று செங்கம்மாள் தலையிலடித்துக்கொண்டாள்.

"வேற ஏனம் இல்ல" என்றான். கரண்டியை எடுத்து நீட்டினாள், வாங்கவில்லை. சம்மணமிட்டு உட்கார்ந்து, கட்டிகளை விரலால் உதிர்த்து, மணலில் பிசைந்து கலந்தான். பதினோரு வருஷம் கழித்து அந்தக் கைகள் எருவைத் தொட்டன. கலந்து முடித்தவன் எழுந்திருக்காமல், கையை மூக்கருகில் கொண்டுபோய் அப்படியே வைத்துக்கொண்டிருந்தான்.

"எங்கப்பன் வாசன, செங்கா" என்றான்.

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. செத்த அன்றைக்குக்கூட அப்பாவுக்காக அழாதவன் அன்று பெயிண்ட் வாளியைக் கட்டிக்கொண்டு விக்கி விக்கி அழுதான். அந்த மனுஷன் முன்னாலேயே நாற்றம் என்று சொன்னேனே, சொன்னேனே என்றான். செங்கம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவளும் அழுதாள். மாடியிலிருந்து ஞானம்பாள் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போனாள். அந்த ஒரு விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அழுதால் செடி பிழைத்துவிடுமா? நாலு கிளையில் மூன்று கறுத்துப் போயின. வரதன் பிளேடால் வெட்டி வெட்டிக் கீழே வந்தான். கடைசியில் விரல் நீளத்துக்கு ஒரு பச்சைத் துண்டு மிஞ்சியது. தண்ணீரை ஒரு முறை மட்டும் வடித்து, அளவாக விட்டார்கள். அரை நிழலில் வைத்தார்கள். கார்த்திகை போயிற்று. மார்கழி போயிற்று. அது குச்சியாகவே நின்றது. நோட்டில் தினமும் 'மாற்றமில்லை' என்று எழுதிக்கொண்டிருந்தவன் ஒரு நாள் எழுதுவதையும் விட்டான். செங்கம்மாள் மட்டும் காலையில் எழுந்ததும் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பார்ப்பாள். உள்ளே பச்சை இருக்கும். மூடிவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

தைப்பூசத்துக்கு இரண்டு நாள் கழித்து, அந்தக் குச்சியின் கணுவில் எறும்புத்தலை அளவுக்குச் சிவப்பாக ஒன்று முளைத்தது. மாசிக் கடைசியில் மொட்டு. பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வாளியில் ஒரே ஒரு பன்னீர் ரோஜா மலர்ந்து நின்றது. அப்படியொன்றும் பெரிய பூ இல்லை. இதழ் ஒன்றில் பூச்சி கடித்திருந்தது. வாசனை மட்டும் கூடம்வரை வந்தது.

வரதனுக்கு அன்று மதிய ஷிப்ட். பூவை அவனே கிள்ளி அவள் கையில் கொடுத்தான். செங்கம்மாள் குளித்து, தலைவாரிக் கொண்டை போட்டு, பூவைச் செருகிக்கொண்டாள். கோயிலுக்கா போகிறாள்? கூட்டுறவுக் கடைக்கு, துவரம்பருப்பு வாங்க. கூட வருகிறேன் என்று வரதனும் பையை எடுத்துக்கொண்டான்.

தெருவில் இறங்கினால் வரதன் எப்போதும் பத்தடி முன்னால் போவான். அவள் பின்னாலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓட வேண்டியிருக்கும். அன்றைக்கு வளைவு தாண்டியும் முன்னால் ஆளைக் காணோம். செருப்புச் சத்தம் பின்னாலிருந்து வந்தது. செங்கம்மாள் நின்று திரும்பினாள்.

"இன்னாயா, கால் வலியா? ஏன் பின்னாலயே வந்துகினு கீற?"

"நீ நட செங்கா" என்றான் வரதன். "எனக்குப் பூ தெரியணும்."